சித்திர சபையின் சுவரும் கணினித் திரையும்

நடராசப் பெருமானின் ஆடலரங்குகளாகச் சைவ மரபு போற்றும் ஐந்து சபைகளுள், சிதம்பரத்துப் பொற்சபை, மதுரை வெள்ளியம்பலம், திருநெல்வேலித் தாமிர சபை, திருவாலங்காட்டு இரத்தின சபை ஆகிய நான்கிலும் ஆடல்வல்லான் கல்லிலோ உலோகத்திலோ வடித்த திருமேனியாக எழுந்தருளியிருக்க, குற்றாலத்துச் சித்திர சபையில் மட்டும் சுவரில் தீட்டப்பட்ட ஓவியமாகவே வழிபடப்படுகிறார். குற்றாலநாதர் கோயிலிலிருந்து சற்றுத் தள்ளி, தெப்பக்குளத்தை அடுத்துத் தனித்து நிற்கும் இந்தச் சபையில், மார்கழித் திருவாதிரையின்போது நடைபெறும் தாண்டவ தீபாராதனையும் அந்த ஓவியத்துக்கே காட்டப்படுகிறது. சிலையாக இருந்தால் ஆபத்துக் காலத்தில் பாதுகாப்பான வேறோர் அறைக்கு எடுத்துச் செல்லலாம். ஓவியமோ சுவரின் உடலோடு ஒன்றியது என்பதால், சுவர் நனைந்தால் தானும் நனைந்து, சுண்ணச்சாந்து உதிர்ந்தால் தானும் உதிர்ந்து போகும். அதன் இன்றைய நிலையை, பிற்காலத்தவர் அளந்து ஒப்பிட்டுப் பார்க்கும் அளவுக்கு நம்பகமாகப் படம்பிடித்து வைப்பது, அதைக் காக்கும் பணியின் முதற்படியாகும். சாரல் காலத்தில் காற்றே ஈரமாகிவிடும் குற்றாலத்தைப் பொறுத்தவரை அந்தப் பணியைத் தள்ளிப்போட இயலாது. அதற்குப் பெரிதும் ஏற்ற வழி, கேமராவைக் கணினியோடு இணைத்துப் படம் எடுக்கும் முறை.

டிஜிட்டல் கேமராவை ஒரு கேபிள் வழியாகக் கணினியோடு இணைத்து, லென்ஸ் காணும் காட்சியைக் கணினித் திரையில் பார்த்தபடியே ஒளியளவு, ஷட்டர் வேகம், ஃபோகஸ் ஆகியவற்றை அங்கிருந்தே மாற்றி, படத்தையும் அங்கிருந்தே எடுத்து, எடுத்த உடனேயே அதைக் கணினியின் வன்தட்டில் சேர்ப்பதைப் படப்பிடிப்புத் துறையினர் ‘டெதரிங்’ என்று அழைக்கின்றனர். நகைக்கடை, ஜவுளிக்கடை விளம்பரங்களுக்குப் படம் எடுக்கும் பெருநகர ஸ்டூடியோக்களில் இது அன்றாட வழக்கம். எடுத்த புடவையின் நிறம் சரியாக வந்திருக்கிறதா என்பதைக் கடைக்காரரும் வடிவமைப்பாளரும் அங்கேயே பெரிய திரையில் பார்த்துச் சொல்லிவிடுவதால், மறுநாள் மீண்டும் எடுக்க வேண்டிய தொல்லை இல்லாமற் போகிறது. ஓலைச்சுவடிகளையும் பழைய நூல்களையும் மின்னுருவாக்கும் இடங்களில் கேமராவைக் கீழ்நோக்கி ஒரு நிலைச்சட்டத்தில் பொருத்தி, ஏட்டுக்கு ஒரு படமாக எடுத்துச் செல்லும் பணிக்கும் இதே முறை உகந்தது. கோயில் சுவரோவியத்துக்கோ இதன் தேவை இன்னும் பெரிது. ஏனெனில் ஓலையை மீண்டும் மேசைக்குக் கொண்டுவரலாம், சுவரிடம் கேமராதான் மீண்டும் போகவேண்டும், அதற்குள் சுவர் மாறியிருக்கவும் கூடும்.

டிஜிட்டல் கேமராவின் தொடக்க வரலாற்றைப் பார்த்தால், அது இன்னொரு கருவியின் துணையோடுதான் பிறந்தது என்பது விளங்கும். 1975இல் அமெரிக்காவின் கோடக் நிறுவனத்தில் ஸ்டீவன் சாசன் என்ற பொறியாளர் உருவாக்கிய முதல் டிஜிட்டல் கேமரா, 10,000 பிக்சல்கள் மட்டுமே கொண்ட ஒரு கறுப்பு வெள்ளைப் படத்தை ஒலிநாடாக் கேசட்டில் பதிய 23 விநாடிகள் எடுத்துக்கொண்டது. அதைப் பார்ப்பதற்குத் தனியாக ஒரு தொலைக்காட்சிப் பெட்டியும் வேண்டியிருந்தது. பிக்சல் என்பது டிஜிட்டல் படத்தின் மிகச்சிறிய புள்ளி. ஒவ்வொரு புள்ளியும் ஒரு நிற மதிப்பைக் கொண்டிருக்கும். 1991இல் அதே நிறுவனம் தொழில்முறைப் படப்பிடிப்பாளருக்காகச் சந்தைக்குக் கொண்டுவந்த டி.சி.எஸ். கேமரா, நிக்கான் எஃப்3 உடலில் 13 லட்சம் பிக்சல் உணரியைப் பொருத்திச் செய்யப்பட்டது. படங்களைச் சேமிக்கும் 200 மெகாபைட் வன்தட்டும் பார்க்கும் சிறு திரையும் அடங்கிய பெட்டியைத் தோளில் தொங்கவிட்டு, கேபிளால் கேமராவோடு இணைத்தே பயன்படுத்த வேண்டியிருந்தது. பின்னர் நினைவக அட்டைகள் மலிந்து கேமரா தனித்தியங்கத் தொடங்கியபோது கேபிள் தேவையற்றதாயிற்று. எனினும் நுட்பமும் துல்லியமும் வேண்டிய இடங்களில் அது இன்றுவரை விடாமல் தங்கிவிட்டது.

கேமராவும் கணினியும் பேசிக்கொள்வதற்குப் ‘பிக்சர் டிரான்ஸ்ஃபர் புரோட்டோகால்’ என்ற பொது நெறிமுறை ஒன்று உண்டு. படங்களை அனுப்பு, இந்த அமைப்பை மாற்று, ஷட்டரை இயக்கு என்பன போன்ற கட்டளைகளைக் கணினி எந்த வடிவில் அனுப்ப வேண்டும், கேமரா எந்த வடிவில் மறுமொழி தரவேண்டும் என்பதை அது வரையறுக்கிறது. இதன் மேல் ஒவ்வொரு நிறுவனமும் தன் கேமராக்களுக்கெனத் தனிக் கட்டளைகளையும் சேர்த்துக்கொள்கிறது. கேனான் நிறுவனத்தின் இ.ஓ.எஸ். யுட்டிலிட்டி, சோனியின் இமேஜிங் எட்ஜ், நிக்கானின் என்.எக்ஸ். டெதர் ஆகியவை அந்தந்த நிறுவனக் கேமராக்களுக்கு இலவசமாகக் கிடைக்கும் மென்பொருள்கள். கேப்சர் ஒன், லைட்ரூம் கிளாசிக் ஆகியவை பல நிறுவனக் கேமராக்களோடும் இயங்கும் கட்டண மென்பொருள்கள். லினக்ஸ் கணினியில் இயங்கும் ஜிஃபோட்டோ, விண்டோஸில் இயங்கும் டிஜிகேம்கன்ட்ரோல் ஆகிய கட்டற்ற மென்பொருள்களுக்கு எவரும் பணம் தரவேண்டியதில்லை. ஆகவே இந்த முறைக்குப் பெருஞ்செலவு ஆகும் என்ற எண்ணம் பொருந்தாது. திருமணப் படம் எடுக்கும் ஒரு ஸ்டூடியோவில் இருக்கும் கேமராவும் லேப்டாப்பும் தரமான ஒரு கேபிளும் தொடக்கத்துக்குப் போதும்.

கேமராவின் முதுகிலுள்ள சிறு திரை படப்பிடிப்பாளரை எவ்வளவு எளிதில் ஏமாற்றிவிடும் என்பதை ஒரு சிறு கணக்கே காட்டிவிடும். பெரும்பாலான கேமராத் திரைகள் மூன்று அங்குல அளவினவாய், பத்து லட்சத்துக்குச் சற்று மேற்பட்ட ஒளிப்புள்ளிகளைக் கொண்டவை. சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று புள்ளிகள் சேர்ந்தே ஒரு பிக்சல் ஆவதால், உண்மையில் அத்திரை காட்டுவது ஏறத்தாழ மூன்றரை லட்சம் பிக்சல்களையே. எடுத்த படத்திலோ 2.4 கோடி பிக்சல்கள் இருக்கும். அதாவது படத்தின் ஏறத்தாழ 70 பிக்சல்கள் ஒன்றாகச் சுருங்கித்தான் கண்ணுக்குத் தெரிகின்றன; இந்தச் சுருக்கத்தில் சற்றே ஃபோகஸ் தவறிய படமும் கூர்மையாகவே தோன்றும். படத்தைப் பெரிதாக்கிப் பார்க்கும் வசதி கேமராவிலேயே இருந்தாலும், ஏணிமேல் நின்றோ குனிந்தோ, மங்கிய மண்டபத்தில் ஒவ்வொரு படத்தின் நான்கு மூலைகளையும் அச்சிறு திரையில் நகர்த்தி நகர்த்திப் பார்த்துக்கொண்டிருக்க எவராலும் இயலாது. ஊர் திரும்பிக் கணினியில் போட்டுப் பார்க்கும்போதுதான், நடராசரின் தூக்கிய திருவடி இருந்த படத்தின் ஓரம் மங்கியிருப்பது தெரியவரும். கணினியோடு இணைத்து எடுத்தால் இந்தப் பிழை சுவரின் முன்னாலேயே கண்ணில் பட்டு, உடனே திருத்தப்படுகிறது.

இனி ஒரு சுவரை முறையாக எடுப்பது எப்படி என்பதைச் சற்று விரிவாகப் பார்க்கலாம். பத்தடி அகலமும் எட்டடி உயரமும் கொண்ட ஓவியப் பரப்பு ஒன்றைக் கொள்வோம். சுவரின் ஓர் அங்குலத்துக்கு 300 பிக்சல்கள் கிடைக்கவேண்டும் என்று வைத்துக்கொண்டால், 6000க்கு 4000 பிக்சல் கொண்ட கேமராவின் ஒரு படத்தில் 20 அங்குல அகலமும் 13 அங்குலத்துக்குச் சற்று மேற்பட்ட உயரமுமே அடங்கும். படங்களைப் பின்னர் கணினியில் ஒன்றோடொன்று பிசிறில்லாமல் ஒட்டுவதற்கு, அடுத்தடுத்த படங்களில் மூன்றில் ஒரு பங்கு பொதுவாக இருக்கவேண்டும். இந்தக் கணக்கில் அந்த ஒரு சுவருக்கே வரிசைக்கு 9 வீதம் 11 வரிசைகளில் ஏறத்தாழ 100 படங்கள் தேவைப்படும். ஒவ்வொரு ‘ரா’ கோப்பும் 30 மெகாபைட் என்றால் மொத்தம் மூன்று கிகாபைட் ஆகும். ரா கோப்பு என்பது உணரி பதிந்த ஒளி மதிப்புகளை நிறத் திருத்தமோ தரமிழக்கும் சுருக்கமோ இன்றி அப்படியே வைத்திருக்கும் கோப்பு. ஆவணப் பணியில் இதற்கு மாற்று இல்லை.

இந்த 100 படங்களும் ஒரே தொலைவிலிருந்து, சுவருக்கு நேர் இணையாக எடுக்கப்பட வேண்டும். முழுச்சட்ட உணரி கொண்ட கேமராவில் 100 மில்லிமீட்டர் லென்ஸைப் பொருத்தினால், மேற்சொன்ன அளவுக்குக் கேமரா சுவரிலிருந்து ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் தொலைவில் நிற்கும். இணையாக இருக்கிறதா என்பதைச் சோதிக்கப் படப்பிடிப்பாளர்கள் கையாளும் எளிய உத்தி ஒன்றுண்டு: ஓவியம் இல்லாத வெற்றுச் சுவர்ப் பகுதியில் ஒரு சிறு தட்டையான கண்ணாடியைப் பதியப் பிடித்து, அதில் தெரியும் லென்ஸின் பிம்பம் திரையின் நட்டநடுவில் விழுகிறதா என்று பார்ப்பது. கணினித் திரையில் நடுக்கோடுகளைப் போட்டுக்கொண்டு இதைச் செய்யும்போது அரை விரற்கடைச் சாய்வும் தப்பாது. அதன்பின் முன்பு எடுத்த படத்தை அரை ஒளிபுகும் போர்வைபோல நேரடிக் காட்சியின் மேல் வைத்துக்காட்டும் வசதியால், டிரைபாட் எனப்படும் முக்காலியை எவ்வளவு நகர்த்தவேண்டும் என்பதும் தெளிவாகிவிடும். ஷட்டரைக் கையால் தொடாமல் கணினியிலிருந்தே இயக்குவதால், மங்கிய ஒளியில் அரை விநாடி, ஒரு விநாடி என நீளும் பதிவிலும் அசைவு ஏற்படுவதில்லை.

ஒளியமைப்பில்தான் பணியின் பாதி அடங்கியிருக்கிறது. சுவருக்கு இருபுறமும் 45 பாகைக் கோணத்தில் ஒரே தன்மையுள்ள இரண்டு விளக்குகளை வைத்து, பரப்பின் நான்கு மூலைகளிலும் நடுவிலும் ஒரு சாம்பல் அட்டையைப் பிடித்து எடுத்து, ஐந்து இடத்திலும் எண் மதிப்பு ஒன்றாக வருகிறதா என்று திரையில் பார்க்கவேண்டும். கண்ணுக்குச் சீராகத் தோன்றும் ஒளி பெரும்பாலும் எண்ணில் சீராக இருப்பதில்லை. அடுத்து 24 நிறக் கட்டங்கள் கொண்ட நிற அட்டையும் அளவுகோலும் சட்டகத்தின் ஓரத்தில் இடம்பெற வேண்டும். அந்த அட்டையின் நிறங்கள் முன்கூட்டியே அளந்து அறியப்பட்டவை என்பதால், படத்திலுள்ள காவிச் சிவப்பும் மஞ்சளும் விளக்கின் குற்றமின்றி உண்மை நிறத்தோடு வருமாறு பின்னர் திருத்திக்கொள்ள முடிகிறது. இருபது ஆண்டு கழித்து வேறொருவர் வேறொரு கேமராவால் அதே சுவரை எடுத்தாலும், இரண்டு படங்களிலும் அட்டை இருந்தால் எந்த நிறம் எவ்வளவு வெளிறியிருக்கிறது என்று எண்ணாலேயே சொல்லலாம். நிற அட்டை இல்லாத சுவரோவியப் படம் எவ்வளவு அழகாக இருந்தாலும் ஆவணமாகாது.

வார்னிஷ் பூசிய இடங்களிலும் ஈரம் பட்டுப் பளபளக்கும் இடங்களிலும் விளக்கொளி நேராகத் திரும்பி வந்து நிறத்தை மறைத்துவிடும். இதைத் தவிர்க்க, விளக்குகளின் முன் ஒளியை ஒரே திசையில் அதிரவிடும் போலரைசர் தாளையும், லென்ஸின் முன் அதற்குச் செங்குத்தான திசையில் போலரைசர் வடிகட்டியையும் வைப்பர். மேற்பரப்பில் பட்டுத் தெறிக்கும் ஒளி அதன் திசை மாறாமல் வருவதால் லென்ஸில் தடுக்கப்பட, நிறத்துக்குள் புகுந்து சிதறி வெளிவரும் ஒளி மட்டுமே உணரியை அடைகிறது. வடிகட்டியைத் திருப்பத் திருப்பப் பளபளப்பு மறைந்து அடியிலிருக்கும் கோடுகள் மேலெழுந்து வருவதைக் கணினித் திரையில் அந்தக் கணமே காணலாம். இதற்கு நேர்மாறானது பக்கவாட்டு ஒளி: ஒரே விளக்கைச் சுவரை உரசிச் செல்வதுபோல மிகத் தாழ்ந்த கோணத்தில் வைத்தால், உப்பிய சாந்து, மயிரிழை விரிசல், உதிரக் காத்திருக்கும் செதில், முந்தைய செப்பனிடலில் பூசிய திட்டு என எல்லாம் நிழலால் புடைத்துத் தெரியும். ஓவியத்தின் அழகைக் காட்டும் படத்தைவிட, அதன் நோயைக் காட்டும் இந்தப் படமே பாதுகாப்பு வல்லுநருக்கு உடனடியாகப் பயன்படுவது.

துண்டு துண்டாக எடுத்து ஒட்டும் எண்ணம் தமிழ்நாட்டுக்குப் புதிதன்று. கிழக்கிந்தியக் கம்பெனிப் படையில் கேப்டனாக இருந்து சென்னை மாகாண அரசின் படப்பிடிப்பாளராகப் பணியாற்றிய லின்னேயஸ் டிரைப், 1858இல் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடித்தளத்தைச் சுற்றியுள்ள கல்வெட்டுகளைப் பகுதி பகுதியாக எடுத்து, 21 படங்களை ஒட்டி ஏறத்தாழ 19 அடி நீளச் சுருளாக்கினார். எழுத்து வரிசை முறியாமல் படிக்கவேண்டும் என்ற ஒரே நோக்கத்துக்காகச் செய்யப்பட்ட அந்தப் பணியின் பொறுமைக்கு முன், இன்றைய கருவிகளை வைத்துக்கொண்டு நேரமில்லை என்று சொல்வது பொருந்தாது. அதே முறையின் இன்றைய உச்சம் நெதர்லாந்தில் காணக்கிடைக்கிறது: ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ் அருங்காட்சியகம் ரெம்பிராண்டின் ‘இரவுக் காவல்’ ஓவியத்தை 2020இல் 528 படங்களாகவும், பின்னர் 8,439 படங்களாகவும் எடுத்து, இரண்டாம் முறை கிடைத்த 71,700 கோடி பிக்சல் படத்தை 2022இல் வெளியிட்டது. அதில் ஒரு பிக்சலுக்கும் அடுத்த பிக்சலுக்கும் இடையிலான தொலைவு ஒரு மில்லிமீட்டரின் இருநூற்றில் ஒரு பங்கு. கேமராவைக் கணினி இயக்காமல் அத்தகைய பணியை நினைத்துப் பார்க்கவே முடியாது. குற்றாலத்துக்கு அவ்வளவு வேண்டியதில்லை. அதன் நூற்றில் ஒரு பங்கு கவனமே போதும்.

இவ்வளவு பாடுபட்டு எடுத்து வைப்பதால் பயன் என்ன என்று கேட்போருக்கு, இதே வட்டாரத்தில் விடை இருக்கிறது. தாமிரபரணிக் கரையிலுள்ள கல்லிடைக்குறிச்சியின் குலசேகரமுடையார் கோயிலிலிருந்து 1982இல் களவுபோன நடராசர் செப்புத் திருமேனி, ஆஸ்திரேலியாவின் அடிலெய்டிலுள்ள கலைக்கூடம் ஒன்றில் கண்டறியப்பட்டு 2019இல் ஊர் திரும்பியது. அதை இன்ன கோயிலுடையது என்று உறுதிசெய்ய, புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தார் பல பத்தாண்டுகளுக்கு முன் எடுத்து வைத்திருந்த படம் சான்றாயிற்று. 1950களிலிருந்து கோயில் கோயிலாகச் சென்று அந்நிறுவனம் எடுத்த லட்சத்துக்கும் மேற்பட்ட படங்கள், எடுத்தபோது களவைத் தடுப்பதற்காக எடுக்கப்பட்டவையல்ல. கலை வரலாற்று ஆய்வுக்காக, ஒழுங்காக எண்ணிட்டு, ஊரும் நாளும் குறித்து வைக்கப்பட்டவை. சுவரோவியத்தை எவரும் கடல் கடந்து கொண்டுபோவதில்லை என்பது உண்மைதான். ஆனால் நல்லெண்ணத்தோடு பூசப்படும் புது வண்ணமும், குடமுழுக்கையொட்டி அடிக்கப்படும் வெள்ளையும் தமிழ்நாட்டுக் கோயில்கள் பலவற்றில் பழைய ஓவியங்களை ஓசையின்றி அழித்திருக்கின்றன. எந்தக் கோடு பழையது, எது பிற்காலத்தது என்று சொல்ல அங்கே எந்தப் படமும் எஞ்சவில்லை.

குற்றாலத்தின் ஈரம் தனியாகப் பேசவேண்டிய பொருள். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை மேற்குத்தொடர்ச்சி மலையின் கணவாய் வழியாக வீசும் காற்று சாரலைச் சுமந்து வந்து ஊரெங்கும் தூவுகிறது. பேரருவியும் ஐந்தருவியும் சுற்றுலாப் பயணிகளால் நிறையும் அந்தப் பருவமே கேமராவுக்கும் சுவருக்கும் கடினமான பருவம். ஏ.சி. அறையில் குளிர்ந்திருந்த லென்ஸை வெளியே எடுத்த உடன் ஈரக்காற்று அதன்மேல் நீராகப் படியும் என்பதால், பையைத் திறக்காமலேயே அரைமணி நேரமாவது வெளி வெப்பத்துக்குப் பழகவிடுவது நல்லது. ஈரம் நீடித்தால் லென்ஸினுள் பூஞ்சை படரும். சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்ட காற்றுப் புகாப் பெட்டி இந்த ஊர்ப் படப்பிடிப்பாளர்களுக்கு இன்றியமையாதது. வடகிழக்குப் பருவமழையும் ஓய்ந்த பிப்ரவரி, மார்ச் மாதங்களே சுவரோவியத்தை எடுக்க ஏற்றவை. ஆயினும் சாரல் மாதத்தில் அதே சுவரின் சில குறிப்பிட்ட இடங்களை மட்டும் மீண்டும் எடுத்துவைப்பது பெரிதும் பயன் தரும். எந்த வழியாக ஈரம் இறங்குகிறது, எங்கே உப்புப் பூக்கிறது என்பதைக் காய்ந்த காலத்துப் படத்தோடு ஒப்பிட்டால்தான் அறியமுடியும்.

கேபிள்தான் இம்முறையின் மெலிந்த கண்ணி. யு.எஸ்.பி. 2 கேபிளின் நீளத்துக்கு ஐந்து மீட்டரே எல்லை. வேகம் மிகுந்த யு.எஸ்.பி. 3 கேபிளில் மூன்று மீட்டரைத் தாண்டினால் இணைப்பு அறுந்து அறுந்து வரும், அப்போது இடையில் மின்னூட்டிப் பெருக்கும் நீட்டிப்புக் கேபிள் தேவைப்படும். ஒருவர் கால் தடுக்கினால் கேமராவின் துளையே உடையக்கூடும் என்பதால், கேபிளின் ஒரு வளையத்தை முக்காலியோடு கட்டி இழுவிசை துளையில் படாமல் செய்வார்கள். பளிச்சென்ற ஆரஞ்சு நிறக் கேபிள்கள் ஸ்டூடியோக்களில் விரும்பப்படுவதும் தரையில் கண்ணுக்குப் படவேண்டும் என்பதற்காகவே. பக்தர்கள் வலம்வரும் இடத்தில் இந்த எச்சரிக்கை இரட்டிப்பாக வேண்டும். மின்சாரம் போனால் பாதியில் எழுதப்பட்ட கோப்பு கெட்டுவிடும் என்பதால், கணினியில் சேரும் அதே படம் கேமராவின் அட்டையிலும் பதியுமாறு அமைத்துக்கொள்வது அறிவுடைமை. வைஃபை வழியாகவும் இணைக்கலாம். ஆனால் 30 மெகாபைட் கோப்பு ஒவ்வொன்றும் காற்றில் ஊர்ந்து வரும் வேகத்தில் 100 படம் எடுப்பது பொறுமையைச் சோதிக்கும். கல் மண்டபத்துக்கு வெளியே, அருவியின் நீர்த்துளி தெறிக்கும் பாறையில் கேமராவை உறையிட்டு வைத்துவிட்டுத் தொலைவில் உலர்ந்த இடத்திலிருந்து இயக்க விரும்புவோருக்கே வைஃபை உண்மையாக உதவும்.

தென்காசி மாவட்டத்தில் இம்முறையை வேண்டி நிற்கும் இடம் சித்திர சபை மட்டுமன்று. கடையநல்லூர்ப் பக்கமுள்ள திருமலாபுரம் குடைவரையில் முற்காலப் பாண்டியர் காலத்து ஓவியங்கள் விதானத்திலும் தூண்களிலும் சிற்சில துண்டுகளாக எஞ்சியுள்ளன. விதானத்தை எடுப்பவர் கழுத்தை மடக்கி மேல்நோக்கிப் பார்த்துக்கொண்டே வேலை செய்ய நேர்ந்தால் சிறிது நேரத்தில் கவனம் தளரும். கேமராவைத் தரையில் தாழ்ந்த தாங்கியில் மல்லாக்க வைத்துக் கணினியை மடியில் வைத்துக்கொண்டு அமர்ந்துவிட்டால், ஓர் ஓவியத் துண்டை எத்தனை நேரமும் நிதானமாக ஆராயலாம். கண்ணுக்கு வெறும் கறையாகத் தெரியும் பகுதிகளுக்கு டி-ஸ்ட்ரெட்ச் என்ற மென்பொருள் உதவுகிறது. பாறை ஓவிய ஆய்வுக்காக அமெரிக்காவின் ஜான் ஹார்மன் உருவாக்கிய இது, ஏறத்தாழ ஒன்றுபோலிருக்கும் நிறங்களுக்கு இடையிலுள்ள சிறு வேறுபாட்டைப் பலமடங்கு விரித்துக்காட்டி, மறைந்துபோன கோடுகளை வெளிக்கொணரும். எடுத்த படத்தை அங்கேயே அதில் செலுத்திப் பார்த்தால், எந்த மூலைக்கு இன்னும் நெருங்கிச் செல்லவேண்டும் என்பது குகையை விட்டு வெளியேறும் முன்பே தெரிந்துவிடும்.

பராக்கிரம பாண்டியன் 15ஆம் நூற்றாண்டில் எழுப்பிய தென்காசிக் காசிவிசுவநாதர் கோயிலின் வீரபத்திரர், மன்மதன், ரதி, தாண்டவ மூர்த்தி ஆகிய சிற்பங்களுக்கோ இம்முறை ஓரளவுதான் பொருந்தும். சிற்பத்தைச் சுற்றிச் சுற்றி எடுத்த பல படங்களைச் சேர்த்து முப்பரிமாண உருவம் ஆக்கும் பணியில் கேபிள் தூணில் சுற்றிக்கொண்டு இடைஞ்சல் செய்யும். அங்கே கேமராவைத் தனியே விட்டுவிட்டு, ஒளியமைப்பைச் சோதிக்கும் தொடக்கப் படங்களுக்கு மட்டும் கணினியை இணைத்துக்கொள்வதே நடைமுறைக்கு உகந்தது. நெடுங்காலம் சிதைந்து நின்று, புதுப்பிக்கப்பட்டு, 1990இல் குடமுழுக்குக் கண்ட ஒன்பது நிலைக் கோபுரத்தின் சுதைகளை எடுக்க வேண்டுமானால் அது வேறு வகையான பணி.

கருவிகளைவிடக் கடினமானது அனுமதியும் முறைமையும். மூலவரைப் படம்பிடிப்பது கோயில்களில் வழக்கமில்லை. 2022 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தமிழகக் கோயில்களுக்குள் செல்பேசிகளையே தடைசெய்ய உத்தரவிட்டதும் வழிபாட்டின் அமைதியைக் கருதித்தான். மற்றக் கோயில்களில் ஓவியம் திருச்சுற்று மண்டபத்தில் இருக்கும், கருவறை வேறாக இருக்கும். சித்திர சபையிலோ ஓவியமே தெய்வம். ஆகவே இங்கு எடுக்கப்படும் ஆவணப்படம், இந்து சமய அறநிலையத் துறையின் எழுத்துப்பூர்வ ஒப்புதலோடும் அர்ச்சகர்களின் முழுச் சம்மதத்தோடும், பூசை நேரங்கள் தவிர்த்து, சுவரில் எதுவும் படாமல் எடுக்கப்பட வேண்டியது. இதிலும் கணினி ஒரு நன்மை செய்கிறது: என்ன எடுக்கப்படுகிறது என்பதைக் கோயிலார் திரையில் உடனிருந்து பார்க்கலாம், எந்தப் படம் பொதுவில் வரலாம், எது காப்பகத்தில் மட்டும் இருக்கவேண்டும் என்பதை அங்கேயே முடிவுசெய்யலாம், அர்ச்சகர் ஒருவர் திரையைப் பார்த்து இந்தத் திட்டு இன்ன காலத்தில் பூசியது என்று சொல்லும் குறிப்பும் அந்தப் படத்தோடேயே பதிவாகிவிடும்.

அத்தகைய குறிப்புகள் தங்குவதற்குக் கோப்பின் பெயரும் ஒழுங்கும் வேண்டும். படங்களுக்குக் கேமரா தானாக இடும் எண் எந்தச் செய்தியையும் சொல்வதில்லை. இணைத்து எடுக்கும்போது கோயில், சுவர், வரிசை, நாள் ஆகியவை சேர்ந்த பெயரைக் கணினியே ஒவ்வொரு படத்துக்கும் இட்டுவிடும்படி செய்யலாம். வடக்குச் சுவரின் மூன்றாம் வரிசை ஏழாம் படம் என்று பெயரே சொல்லிவிட்டால், எடுத்தவர் இல்லாத காலத்திலும் அது தன் இடத்தைக் காட்டும். பின்னர் மூன்று பிரதிகள், இரண்டு வேறு வகை ஊடகங்களில், ஒன்றாவது வேறோர் ஊரில் என்ற நெறியில் அவற்றைச் சேமிப்பது உலகெங்கும் பின்பற்றப்படுகிறது. கோயில் அலுவலகத்தில் ஒன்றும், துறையின் தலைமையகத்தில் ஒன்றும், ஆய்வு நிறுவனம் அல்லது பல்கலைக்கழகம் ஒன்றில் ஒன்றுமாக வைப்பது குற்றாலத்துக்குப் பொருந்தும்.

தென்காசியிலும் செங்கோட்டையிலும் திருமணப் படம் எடுக்கும் ஸ்டூடியோக்கள் பல உள்ளன. சூரியகாந்தி பூக்கும் பருவத்தில் சுந்தரபாண்டியபுரத்து வயல்களில் அவர்களின் கேமராக்களைக் காணலாம். அவர்களுக்குத் தேவைப்படுவது நிற அட்டையைக் கையாளவும் சீரான ஒளியமைக்கவும் சில நாள் பயிற்சி மட்டுமே. முழுச் சபையையும் ஒரே மூச்சில் எடுக்க வசதியில்லை என்றால், தரையிலிருந்து மூன்றடி உயரம் வரையிலான கீழ்ப்பகுதியையும், கூரை சுவரோடு சேரும் மேல் விளிம்பையும் முதலில் எடுப்பது முறை: தரையின் ஈரம் சுவர்வழி மேலேறிச் சாந்தை உப்பவைப்பதும் மழைநீர் கசிந்து இறங்குவதும் அந்த இரண்டு இடங்களில்தான் தொடங்கும், நடுவிலிருக்கும் பெரிய உருவங்கள் அடுத்த பருவம்வரை காத்திருக்கலாம்.